சர்க்கரைப் புண்: கட்டுக்கு உள்ளே என்ன வைப்பது?

சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் கால் புண், அதற்கான புதுவகைக் கட்டுப் பொருள்கள், கட்டின் வழியாகவே மருந்தைச் செலுத்தும் முறைகள் ஆகியவை பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. வலது கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் நாலு மாதமாகப் புண். முதலில் பவுடர் தூவி தினமும் கட்டினார்கள். பிறகு கொலாஜன் ஷீட் வைத்தார்கள். இப்போது சில்வர் கட்டு வாங்கச் சொல்கிறார்கள். புண் ஆறுவது போல வந்து மறுபடி திறந்துகொள்கிறது. எந்தக் கட்டுதான் சரி?
— ஒரு வாசகி, விருதுநகர்

கட்டு மூன்றாவது வகைக்கு வந்தாயிற்று. அந்தக் காலை ஊன்றி நடப்பது மாறியதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கட்டைவிரல் மூட்டுக்கு நேர் கீழே வரும் புண் பெரும்பாலும் அழுத்தத்தால் வருவது. கால் மரத்துப்போனவருக்கு வலி தெரியாது. வலி தெரிந்தால் நொண்டியாவது நடப்பார். தெரியாததால் முழு எடையையும் புண்ணின் மேலேயே வைத்து நடக்கிறார். அடுக்களைக்கும் குளியலறைக்கும் போய்வரும் நடையே போதும், அன்று வளர்ந்த இளஞ்சதையை நசுக்கிவிட. ‘ஆறுவது போல வந்து திறந்துகொள்கிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுதான் முதல் சந்தேகம்.

உள்ளங்கால் புண்ணுக்குச் சுமையை இறக்க நன்கு நிரூபணமான வழி, முழங்காலுக்குக் கீழிருந்து விரல்வரை பாதத்தின் வளைவோடு ஒட்டிப்போகும் மாவுக்கட்டு, அல்லது கழற்ற முடியாதபடி பொருத்திய நடைபூட்ஸ். இந்த மாவுக்கட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு உண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மரத்துப்போன கால்களின் புண்ணை இப்படிக் கட்டி ஆற்றினார். பிறகு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கும் அந்த முறையைக் கொண்டுபோனார். சர்க்கரைப் புண்ணுக்கு உலகம் முழுக்க இன்று போடுவதும் அதே கட்டுதான். முதல் கட்டை மூன்று நாளைக்குள் பிரித்துப் பார்த்து மாற்ற வேண்டும். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து, அதுவே உராய்ந்து புதுப் புண் உண்டாக்கும். பிறகு வாரத்துக்கு ஒன்று. கடுமையான தொற்றோ ரத்த ஓட்டக் குறைவோ உள்ள காலுக்கு இந்த மாவுக்கட்டு கூடாது.

அடுத்தது ரத்த ஓட்டம். கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்ததால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வரக்கூடாது. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்குக் காலின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்திருக்கும். அழுத்தினாலும் அமுங்காத குழாயில் 1.3, 1.4 என்று எண் வரும். ‘ஓட்டம் நன்றாக இருக்கிறது’ என்று ஏமாந்துவிடுவோம். அப்போது கால் விரலின் அழுத்தத்தைத் தனியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் ரத்தக்குழாய் மருத்துவரை அவசரமாகப் பார்க்க வேண்டும். அடைப்பை நீக்காமல் எந்த ஷீட்டை ஒட்டியும் பயனில்லை.

மூன்றாவது எலும்பு. மழுங்கிய எஃகுக் கம்பியால் மருத்துவர் புண்ணுக்குள் தொட்டுப் பார்க்கும்போது ‘டொக்’கென்று கல்லில் பட்டது போல இருந்தால், எலும்புவரை கிருமி இறங்கியிருக்க நிறைய வாய்ப்புண்டு. தொற்று தொடங்கிய முதல் இரண்டு வாரம் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். இடைவெளி விட்டு இன்னொன்று எடுக்க வேண்டும். புண்ணைச் சுற்றி ஆணி போலத் தடித்த தோலை வாராவாரம் செதுக்கி எடுப்பதும் முக்கியம். அந்தத் தடிப்பே அழுத்தத்தை ஏறத்தாழ 30 சதவீதம் கூட்டுகிறது.

இவை மூன்றையும் சரிசெய்த பிறகு புண்ணை அளந்து எழுதி வையுங்கள். 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம் என்றால் 6 சதுர செ.மீ. நாலு வாரம் கழித்து அது 3-க்கு இறங்கியிருந்தால் போகிற பாதை சரி. இருக்கிற கட்டையே தொடரலாம். இறங்கவில்லை என்றால் விலை கூடிய கட்டுக்குத் தாவும் முன் மேலே சொன்ன மூன்றையும் மறுபடி பாருங்கள்.

கேள்வி: புண்ணைத் திறந்து காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். சரியா?
— ஒரு வாசகர், அறந்தாங்கி

காயும், ஆறாது. இரண்டும் வேறு. 1962-ல் ஜார்ஜ் வின்டர் பன்றித் தோலில் செய்த சோதனையில், மெல்லிய படலம் மூடி ஈரமாக வைத்த காயம், காற்றில் விட்ட காயத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் தோல் மூடியது. தோல் செல்கள் ஈரத்தின் மேல்தான் ஊர்ந்து போகும். பொருக்குத் தட்டினால் அதற்கு அடியில் ஈரம் கிடைக்கும் ஆழம்வரை சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு விலக்கை மறக்கவே கூடாது. ரத்த ஓட்டம் இல்லாமல் விரல் கறுத்து, காய்ந்து, பிசுபிசுப்பின்றி இருந்தால் அதை ஈரமாக்கக் கூடாது. ஜெல் வேண்டாம், ஊற வைக்க வேண்டாம். உலர்ந்த காஸ் துணி வைத்து அப்படியே காப்பாற்றி, ரத்தக்குழாய் மருத்துவரிடம் கொண்டு போங்கள். காய்ந்ததை நனைத்தால் அழுகத் தொடங்கி, கிருமி மேலே ஏறும்.

கேள்வி: மருந்துக் கடையில் ஃபோம், ஆல்ஜினேட், ஹைட்ரோஜெல், ஹைட்ரோகொலாய்டு என்று நாலைந்து வகை காட்டுகிறார்கள். வித்தியாசம் என்ன?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

தண்ணீர்க் கணக்குதான் வித்தியாசம். புண் தண்ணீர் விடுகிறதா, காய்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஹைட்ரோஜெல் தண்ணீர் கொடுக்கும். அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீரே. காய்ந்த மஞ்சள் சவ்வு படிந்த புண்ணில் வைத்தால் சவ்வை ஊறவைத்துத் தளர்த்தும். நீர் ஒழுகும் புண்ணில் இதை வைத்தால் சுற்றுத்தோல் வெளுத்து, வெகுநேரம் தண்ணீரில் நின்ற கால் போலச் சுருங்கும். அந்த வெளுத்த ஓரத்தில்தான் புண் பெரிதாகத் தொடங்கும்.

ஆல்ஜினேட் தண்ணீர் குடிக்கும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் இழை இது. இழைக்குள் இருக்கும் கால்சியம், புண் நீரில் உள்ள சோடியத்துக்கு இடம்விட, இழை ஜெல்லாக மாறுகிறது. தன் எடையைப் போல 15 முதல் 20 மடங்கு நீரைப் பிடிக்கிறது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கட்டைக்கோரை என்று சேகரிக்கும் பாசியிலும் இந்த ஆல்ஜினேட் இருக்கிறது. இதைப் புண்ணின் அளவுக்கே வெட்ட வேண்டும். நல்ல தோலின் மேல் படிந்தால் அங்கேயும் ஊறும். நீர் விடாத புண்ணில் வைத்தால் ஜெல்லாக மாறாமல் காய்ந்து ஒட்டி, பிய்க்கும்போது சதையோடு வரும். குழியில் திணித்து அடைக்காதீர்கள். ஜெல்லாக உப்ப இடம் வேண்டும்.

ஃபோம் நடுத்தரமான நீருக்கு. புண்ணின் ஓரத்தைத் தாண்டிச் சுற்றிலும் 2 செ.மீ. கூடுதலாக மூட வேண்டும். உறையில் ஏழு நாள்வரை வைக்கலாம் என்று போட்டிருந்தாலும் சர்க்கரைக் காலுக்கு இரண்டு மூன்று நாளில் திறந்து பார்ப்பதே நல்லது. மரத்த கால் உள்ளே நடப்பதைச் சொல்லாது.

ஹைட்ரோகொலாய்டு காற்றுப் புகாமல் மூடும். கீழே மஞ்சளாக, நாற்றமுள்ள குழம்பு சேரும். அது பெரும்பாலும் கட்டுப் பொருள் கரைந்ததுதான், சீழ் அல்ல. ஆனால் இரண்டையும் பிரித்தறிய வீட்டில் முடியாது. அதனால் உள்ளங்கால் புண்ணுக்கும், தொற்று இருக்குமோ என்ற சந்தேகமுள்ள புண்ணுக்கும் இதைத் தவிர்க்கச் சொல்வோம்.

கேள்வி: நான் நர்ஸ். சில்வர் ஷீட்டை நார்மல் சலைனில் நனைத்து வைக்கிறோம். சில நேரம் பயன் இருக்கிறது, சில நேரம் இல்லை. ஏன்?
— ஒரு வாசகி, ஓசூர்

நீங்கள் வைப்பது நானோ படிக வெள்ளி பூசிய ஷீட் என்றால் சலைன்தான் காரணமாக இருக்கலாம். கிருமியைக் கொல்வது வெள்ளி அயனி. சலைன் உப்புத் தண்ணீர்; அதிலுள்ள குளோரைடு வெள்ளி அயனியைப் பிடித்து, கரையாத சில்வர் குளோரைடாக்கிவிடும். ஸ்டெரைல் வாட்டரில் நனையுங்கள். புண்ணைச் சலைனில் கழுவியிருந்தால் ஒற்றி எடுத்துவிட்டு ஷீட்டை வையுங்கள். அடியில் வாஸ்லின் தடவிய காஸ் வைத்தாலும் வெள்ளி புண்ணுக்கு இறங்காது.

சேரக் கூடாத இன்னொரு ஜோடி: செத்த சதையைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஆயின்மென்ட்டும் சில்வரும். வெள்ளியும் அயோடினும் அந்த நொதியை முடக்கிவிடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி வைத்தாலும் மிச்சம் இருப்பது போதும் கெடுக்க. சில்வர் சல்ஃபாடையசின் கிரீம் இரண்டு நாளில் மஞ்சள் சாம்பல் நிறத்தில் ஒரு படிவை உண்டாக்கும். அதைச் செத்த சதை என்று நினைத்துச் சுரண்டாதீர்கள், நனைத்துத் துடைத்தால் வந்துவிடும்.

கேடெக்ஸோமர் அயோடினில் ஒரு வசதி உண்டு. மாவுச்சத்து மணிக்குள் 0.9 சதவீத அயோடின் இருக்கிறது. மணி புண் நீரைக் குடித்து உப்பும்போது அயோடின் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். பழுப்பு நிறம் வெளுத்து மஞ்சள் சாம்பலானால் மருந்து தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு 50 கிராம், வாரத்துக்கு 150 கிராமுக்கு மேல் கூடாது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம்.

சில்வர், அயோடின் எதையும் மாதக்கணக்கில் தொடராதீர்கள். இரண்டு வாரம் வைத்து, கிருமி அடங்கியதா என்று பார்த்து முடிவெடுங்கள். சர்வதேச நீரிழிவுப் பாதக் குழு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி, புண் ஆறுவதற்காக என்று கிருமிநாசினிக் கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. தேனுக்கும் அதே தீர்ப்புதான்.

கேள்வி: அப்பாவுக்கு வீட்டிலேயே கட்டு மாற்றச் சொல்லிவிட்டார்கள். முறையாக எப்படிச் செய்வது?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

சோப்பால் கை கழுவி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய கட்டு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால் கழன்று வரும். எடுத்த கட்டை உடனே குப்பையில் போடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். நீர் எந்த அளவு ஊறியிருக்கிறது, நிறம் என்ன, நாற்றம் கூடியிருக்கிறதா? மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல் அதில்தான் இருக்கிறது.

அறை வெப்பத்தில் இருக்கும் சலைனை 100 மில்லியாவது ஊற்றிக் கழுவுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சலைன் புண்ணைக் குளிரவைத்து, செல்கள் மறுபடி வேலை தொடங்கத் தாமதமாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று நம்புகிறோம். அது புதுச் செல்களையும் சேர்த்தே கொல்லும். மஞ்சள்தூள், டீத்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். குழியில் தங்கும் தூளே கிருமிக்கு இடமாகும்.

சுற்றுத்தோலை ஒற்றி உலர்த்துங்கள். விரல் இடுக்கையும்தான். நீர் விடும் புண் என்றால் ஓரத்தில் ஜிங்க் ஆக்சைடு கிரீம் மெல்லிதாகத் தடவலாம். பிறகு கட்டுப் பொருள், அதன் மேல் காஸ், மேலே தளர்வான சுற்று. விரலைச் சுற்றி முழுவட்டமாக பிளாஸ்டர் ஒட்டாதீர்கள்; வீங்கினால் அதுவே ரத்தத்தை நிறுத்தும். காலுறையும் செருப்பும் போட்ட பிறகு கட்டு மடிந்து மேடாகியிருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள்.

புண் ஓரத்திலிருந்து 2 செ.மீ.க்கு மேல் சிவப்பு பரவினால் அன்றே மருத்துவமனை. நம் தோல் நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. புறங்கையால் தொட்டு மற்றக் காலோடு ஒப்பிடுங்கள்: சூடு, வீக்கம், தோல் மினுமினுப்பு. காய்ச்சல் இல்லாமலே, காரணமின்றிச் சர்க்கரை 300-ஐத் தாண்டுவதும் தொற்றின் அடையாளமாக இருக்கலாம்.

கேள்வி: கொலாஜன் ஷீட் எந்த விலங்கிலிருந்து எடுக்கிறார்கள்? எங்கள் வீட்டில் சிலருக்கு ஆட்சேபம் உண்டு.
— ஒரு வாசகர், மேலப்பாளையம்

கேட்பது உங்கள் உரிமை. கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கொலாஜன் என்பது தோலுக்கும் தசைநாருக்கும் உறுதி தரும் புரதம். பெரும்பாலானவை மாட்டுத் தோல் அல்லது தசைநாரிலிருந்து வருபவை. பன்றியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுப்பவை உண்டு. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனில் நெடுங்காலமாக வேலை செய்துவருகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய கோலிடெர்ம், பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி எடுத்த வலைத்திசு. 2023-ல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்றது. ஐஸ்லாந்தில் காட் மீனின் தோலையே செல் நீக்கிப் புண்ணில் வைக்கிறார்கள். விலங்கின் பெயர் உறையில் இல்லை என்றால் தயாரிப்பாளரின் தகவல் தாளைக் கடையில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வைக்கும் முறையில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. ஈர ஷீட்டுகள் சில ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறியபடி உறைக்குள் வரும். சலைனில் நன்றாக அலசாமல் வைத்தால் அந்த ஆல்கஹால் இளஞ்சதையைச் சுடும். மரத்த காலில் நோயாளிக்கு அது தெரியவும் தெரியாது. வைத்த பிறகு அடியில் காற்றுக்குமிழி இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். ஒட்டிக்கொண்ட ஷீட்டைப் பிய்க்காமல் விடலாம். அடியில் நீரோ சீழோ சேர்ந்து மிதந்தால் எடுத்துவிட வேண்டும்.

பயன் எவ்வளவு? நாள்பட்ட புண்ணில் எம்.எம்.பி. என்ற நொதிகள் மிகுந்து, உடல் கட்டும் கொலாஜனை அதே வேகத்தில் அரித்துத் தின்கின்றன. ஷீட்டை வைத்தால் நொதி அதைத் தின்று, நம் சதையை விட்டுவைக்கும் என்பது கருத்து. கருத்து நியாயமானது. ஆனால் சோதனைகளின் தரம் போதவில்லை என்று 2023 வழிகாட்டி கொலாஜனையும் ஆல்ஜினேட்டையும் ‘ஆற்றும் மருந்தாக’ப் பரிந்துரைக்கவில்லை. சுத்தமான, சிவந்த புண்ணுக்கு நல்ல மூடியாக வையுங்கள். அதற்கு மேல் எதிர்பார்த்துக் கடன் வாங்க வேண்டாம்.

கேள்வி: ‘குரோத் ஃபேக்டர்’ ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விலை அதிகம். வாங்கலாமா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

செல்களை வளரச் சொல்லும் புரதம் இது. முதலில் வந்தது பெக்காப்ளெர்மின், 0.01 சதவீத ஜெல், அமெரிக்காவில் 1997-ல் அனுமதி. நம் நாட்டில் கிடைப்பது ஈ.ஜி.எஃப். (தோல் செல்களை வளர்க்கும் காரணி) என்ற வேறு புரதம். ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரிக்கும் ரீஜென்-டி 150, கிராமுக்கு 150 மைக்ரோகிராம்.

வீணாவதற்கு இரண்டு காரணம். ஒன்று, குளிர். இந்த ஜெல்கள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. கடையிலிருந்து வெயிலில் பையில் போட்டு எடுத்துவந்து, ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு பிழையும் சேர்ந்துவிடும். இரண்டு, செத்த சதையின் மேல் தடவுவது. புண் பரப்பிலுள்ள நொதிகள் இந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும். ஈ.ஜி.எஃப். உள்ள கியூபாவின் ஹெபர்ப்ராட்-பி மருந்தை அதனால்தான் மேலே தடவாமல், புண்ணின் ஓரத்திலும் அடியிலும் ஊசியாகப் போடுகிறார்கள்: ஒரு தடவைக்கு 75 மைக்ரோகிராம், வாரம் மூன்று முறை, அதிகபட்சம் எட்டு வாரம். பெக்காப்ளெர்மின் என்றால் நாளுக்கு ஒருமுறை மெல்லிய பூச்சு, மேலே சலைன் நனைத்த காஸ், 12 மணி நேரம் கழித்துக் கழுவிவிட்டு ஜெல் இல்லாமல் ஈரக் காஸ் மட்டும். பத்து வாரத்தில் புண் 30 சதவீதமாவது சுருங்கவில்லை என்றால் தொடர்வது பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். தடவும் இடத்தில் புற்றுநோய்க் கட்டி இருந்தால் கூடாது.

எல்லோருக்கும் வழக்கமாக எழுத வேண்டிய மருந்து அல்ல என்பதே வழிகாட்டிகளின் நிலை. இதைவிடத் திடமான ஆதாரம் உள்ளது சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற சேர்மம் தோய்த்த கட்டு. 2018-ல் வெளிவந்த சோதனையில் 240 பேர். 20 வாரத்தில் அந்தக் கட்டு போட்டவர்களில் 48 சதவீதத்தினருக்கும், அது இல்லாத அதே கட்டு போட்டவர்களில் 30 சதவீதத்தினருக்கும் புண் மூடியது. அதிலும் தொற்று உள்ளவர்களையும், ஓட்டம் மிக மோசமானவர்களையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: எலும்புத் தொற்றுக்கு அறுவை செய்து, குழியில் வெள்ளை மணிகள் வைத்திருக்கிறார்கள். இப்போது வெள்ளையாக நீர் வடிகிறது. சீழா?
— ஒரு வாசகி, சேலம்

அவை கால்சியம் சல்ஃபேட் மணிகளாக இருக்கும். வழக்கமாக 10 மில்லி தூளுக்கு வான்கோமைசின் 1 கிராம், ஜென்டாமைசின் 240 மி.கி. கலந்து பிசைந்து வார்ப்பார்கள். ரத்த ஓட்டம் குறைந்த எலும்புக்கு, நரம்பில் ஏற்றும் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. அதனால் அங்கேயே வைப்பது. மணி கரையும் சில வாரங்களில் பால் போன்ற நீர் வடிவது உண்டு. நாற்றமில்லாமல், சூடில்லாமல், காய்ச்சல் இல்லாமல் இருந்தால் கரைசலாகத்தான் இருக்கும். ஆனாலும் அறுவை செய்தவரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் ஜென்டாமைசின் இருப்பதைச் சொல்லி, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்க்கச் சொல்லுங்கள். மணி வைத்தாயிற்று என்று வாய்வழி அல்லது நரம்புவழி ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக நிறுத்தாதீர்கள். தொற்றுள்ள எலும்பை எடுக்காத நிலையில் அது ஆறு வாரம் போகும். மணிகளை எல்லோருக்கும் வைக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை.

கேள்வி: எம்.பார்ம். திட்டப்பணிக்காகக் கைட்டோசான் படலத்தில் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஏற்றுகிறேன். முதல் ஒரு மணி நேரத்திலேயே 70 சதவீதம் வெளியேறிவிடுகிறது. எலிகளில் சோதித்தால் மருந்தில்லாத கட்டும் அதே வேகத்தில் ஆறுகிறது. எங்கே தவறு?
— ஒரு மாணவி, கோயம்புத்தூர்

நல்ல கேள்வி, இரண்டு தவறும் பலர் செய்வது. படலத்திலிருந்து தொடங்குவோம்.

இறால் ஓட்டுக் கைட்டினிலிருந்து வரும் கைட்டோசான், அசெட்டைல் நீக்கம் 85 சதவீதம் இருக்கட்டும். 2 கிராமை 1 சதவீத அசிட்டிக் அமிலம் 100 மில்லியில் இரவு முழுக்கக் கலக்குங்கள். மல் துணியில் வடிகட்டுங்கள். கரையாத துகள் தங்கினால் படலம் அங்கேதான் கிழியும். வளைவுக்குக் கிளிசரால் 0.4 முதல் 0.6 கிராம். குமிழி போகும்வரை வெற்றிடத்தில் வைத்து, 9 செ.மீ. பெட்ரித் தட்டுக்கு 20 மில்லி ஊற்றி 37 டிகிரியில் உலர்த்துங்கள். இந்தப் படலத்தில் அமிலம் மிச்சம் இருக்கிறது. அப்படியே புண்ணில் வைத்தால் கரைந்துபோகும், எரியவும் செய்யும். அதனால் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் முக்கி, பி.எச். நடுநிலைக்கு வரும்வரை கழுவ வேண்டும்.

இந்த இடத்தில்தான் உங்கள் மருந்து போகிறது. சிப்ரோஃபிளாக்சசின் நடுநிலையில் கரையாது. அமிலத்திலும் வலுவான காரத்திலும் கரையும். மருந்தை முதலிலேயே கலந்துவிட்டுக் காரத்தில் முக்கினால் ஒரு பங்கு கழுவு நீரோடு போகும். மிச்சத்தில், உலரும்போது நீர் மேல்பக்கமாக ஆவியாகையில் மருந்தும் மேலேறி, பரப்பில் படிகமாக உட்கார்ந்துகொள்ளும். நுண்ணோக்கியில் பாருங்கள், ஊசி ஊசியாகத் தெரியும். முதல் மணி நேரத்தில் வெளியேறும் 70 சதவீதம் அதுதான். மூடிய தட்டில் மெதுவாக உலர்த்துவது ஓரளவு உதவும். நல்ல தீர்வு, மருந்தை ஜெலாட்டின் நுண்கோளங்களில் அடைத்துப் பிறகு படலத்தில் சேர்ப்பது. அல்லது மருந்துப் படலத்தின் இருபுறமும் மருந்தில்லாத படலம் வார்த்து மூன்றடுக்காக்குவது. குறுக்கிணைப்புக்கு (சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பதற்கு) குளூட்டரால்டிஹைடு வேண்டாம். மிச்சம் தங்கி செல்லைக் கொல்லும். தாவரத்திலிருந்து எடுக்கும் ஜெனிப்பின் போதும். முதல் நாளில் 20, 30 சதவீதம் வருவதைக் குறையாக எழுதாதீர்கள். முதல் நாளில்தான் கிருமியை வேகமாக அடக்க வேண்டியிருக்கிறது.

வெளியேற்றத்தை எதில் அளக்கிறீர்கள்? பாஸ்பேட் தாங்கு கரைசல் (பஃபர்) என்றால், படலத்தில் ஆல்ஜினேட் சேர்க்கும் நாளில் ஏமாறுவீர்கள். பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கி ஜெல்லைக் கரைத்துவிடும். புண்ணில் அப்படி நடக்காது. லிட்டருக்கு சோடியம் குளோரைடு 8.298 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.368 கிராம் சேர்த்த கரைசலில், தோல் பரப்பின் வெப்பமான 32 டிகிரியில் செய்யுங்கள்.

இனி எலி. எலித் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று இருக்கிறது. காயம் பட்டால் அது பையின் வாயைச் சுருக்குவது போல இழுத்து மூடிவிடும். மனிதர் பாதத்தில் அப்படி இல்லை. கீழிருந்து சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்துதான் மூடும். நீங்கள் அளந்தது கட்டின் வேலையை அல்ல, எலியின் சுருக்கத்தை. காயத்தைச் சுற்றி சிலிக்கோன் வளையம் ஒட்டித் தையல் போட்டு, சுருங்காமல் பிடித்துச் செய்யுங்கள். எலிக்குச் சர்க்கரை நோய் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்த மறுநாளே காயம் செய்வதும் பிழை. சர்க்கரை உயர்ந்து சில வாரமாவது ஆன எலி வேண்டும்.

தூய்மையாக்கலையும் (கிருமி நீக்கும் முறையையும்) முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஆட்டோகிளேவின் அழுத்த நீராவி கொலாஜனையும் ஜெலாட்டினையும் குலைக்கும். காமாக் கதிர் 25 கிலோகிரே, கைட்டோசான் சங்கிலியைத் துண்டாக்கும். எத்திலீன் ஆக்சைடு என்றால் வாயு மிச்சம் போகக் காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். எந்த முறையானாலும், தூய்மையாக்கிய பின் உள்ள படலத்தில்தான் வலிமையும் வெளியேற்றமும் அளக்க வேண்டும்.

கேள்வி: சர்க்கரை கூடினால் தானே இன்சுலின் விடும் கட்டு வந்துவிட்டது என்கிறார்களே?
— ஒரு வாசகர், புதுச்சேரி

ஆய்வகத்தில் இருக்கிறது. ஃபீனைல் போரானிக் அமிலம் சேர்த்த ஜெல்லில், குளுக்கோஸ் வந்து முடிச்சுகளை அவிழ்க்க, ஜெல் தளர்ந்து மருந்து வெளிவரும். சிக்கல், அந்த அமிலம் நன்றாக வேலை செய்வது பி.எச். 8.8-ஐ ஒட்டி, அதை உடல் நிலைக்கு இறக்க வேதியியலர்கள் மூலக்கூறை மாற்றிப் பார்க்கிறார்கள். இன்னொரு வழி குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி. அது வேலை செய்யும்போது ஹைட்ரஜன் பெராக்சைடும் பிறக்கும், அதை அடக்க வேறொன்று சேர்க்க வேண்டும்.

சில மருத்துவமனைகளில் சாதாரண இன்சுலினைச் சலைனில் கலந்து புண்ணில் விடுகிறார்கள். 10 சதுர செ.மீ.க்கு 10 யூனிட் என்பது ஆய்வுகளில் காணும் அளவு. ஆய்வுகள் சிறியவை. புண் நொதிகள் அதையும் சிதைக்கும். குப்பியில் காப்புப்பொருளாகச் சேர்க்கும் கிரெசால் புண்ணுக்கென்று சேர்த்ததும் அல்ல. வீட்டில் செய்யாதீர்கள்.

கேள்வி: புண் முழுதாக மூடிவிட்டது. இனி பழைய செருப்பையே போடலாமா?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

வேண்டாம். மூடிய புண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓராண்டுக்குள் மறுபடி திறக்கிறது. பழைய செருப்பில் அதே இடம் அழுந்திக் குழிந்திருக்கும். உள்ளே கை வைத்துப் பாருங்கள், தெரியும். மென்மையான எம்.சி.ஆர். (நுண்துளை) ரப்பர் தளமும், பின்பக்கம் பட்டையும் உள்ள செருப்பு வாங்குங்கள். விரலிடுக்கில் வார் போவது வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, பாதத்தில் தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தோல் வெப்பமானி கிடைத்தால் தினமும் காலையில் இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களை அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் மற்றதைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால், தோல் இன்னும் உடையாவிட்டாலும் உள்ளே நசுங்கத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து நடையைக் குறைத்து, மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.